தன் கையில் ஊசி: மங்கோச்சி ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், பெரிய ஏரி தெற்கே முடியும் இடத்தை ஒட்டி இருக்கிறது மங்கோச்சி மாவட்டம். 2015 செப்டம்பர் முதல் அங்கே கருத்தடை ஊசி கேட்டு வந்த பெண்களில் 731 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். எஃப்.எச்.ஐ. 360 என்ற ஆய்வு நிறுவனமும் மலாவி பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. குலுக்கல் முறையில் அவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கருவி. முதல் குழுவினர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளரிடம் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் குழுவினருக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்து, அடுத்த தவணைகளுக்கான மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள்.

ஓராண்டு முடிவில் பணியாளரிடம் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம் பேர் மட்டுமே ஊசியைத் தொடர்ந்திருந்தார்கள். தாமே போட்டுக்கொண்டவர்களில் தொடர்ந்தவர்கள் 73 சதவீதம். தாமே போட்டுக்கொண்டதால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் இந்த முடிவு வெளியானது.

நூற்றுக்கு 28 பேர் வித்தியாசம். மருந்து ஒன்றுதான். குலுக்கலில் பிரிக்கப்பட்டதால் பெண்களும் ஏறக்குறைய ஒரே வகையினர். பிறகு இந்த 28 எங்கிருந்து வந்தது? ஒரு பெண்ணுக்கும் அவள் கேட்ட மருந்துக்கும் நடுவே நிற்கும் வழித்தொலைவு, வரிசை, பணியாளரின் மனநிலை, கையிருப்பில்லாத அலமாரி ஆகியவற்றிலிருந்துதான் வந்திருக்க முடியும். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய விவாதங்களில் பெண்களின் அறியாமையையும் தயக்கத்தையும் பற்றியே அதிகம் பேசிவந்திருக்கிறோம். மங்கோச்சி ஆய்வு கண்ணைத் திருப்பி, சேவை வழங்கும் அமைப்பைப் பார்க்கச் சொல்கிறது. அதே நேரத்தில், அந்த எண்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. இந்த மருந்தின் வரலாற்றைப் படித்தவர்கள் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

மருந்தும் கருவியும்

மூன்று மாத ஊசி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இருப்பது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட் என்ற செயற்கை ஹார்மோன். சுருக்கமாக டி.எம்.பி.ஏ. டெப்போ-புரோவேரா என்ற வணிகப் பெயரில் உலகம் அதை நெடுங்காலமாக அறியும். மருந்து உடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மூன்று மாதம் வேலை செய்கிறது. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் சமிக்ஞையை அடக்கி, சினைமுட்டை வெளியாவதைத் தடுக்கிறது. கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணு நுழைய விடாமல் செய்கிறது. தவணை தவறாமல் போட்டுக்கொண்டால், ஓராண்டில் ஆயிரம் பேரில் இரண்டு பேர்தான் கருத்தரிப்பார்கள். ஆனால் நடைமுறையில், தவணை தள்ளிப்போவதையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு நான்கு பேர் வரை கருத்தரிக்கிறார்கள். தாமதம் இந்த முறையின் மிகப் பெரிய பலவீனம்.

பழைய வடிவில் 150 மில்லிகிராம் மருந்தைத் தசைக்குள் செலுத்த வேண்டும். நீண்ட ஊசி, சிரிஞ்ச், மருந்துக் குப்பி, பயிற்சி பெற்ற கை எல்லாம் தேவை. புதிய வடிவில் மருந்து 104 மில்லிகிராம்தான். தோலுக்குச் சற்றுக் கீழே, கொழுப்புப் படலத்தில் செலுத்தினால் போதும். அமெரிக்கா 2004இல் இதற்கு அனுமதி கொடுத்தது. அப்போது அது சாதாரண சிரிஞ்சில்தான் வந்தது.

திருப்பம் தந்தது யூனிஜெக்ட் என்ற கருவி. ‘பாத்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு 1980களில் தடுப்பூசிகளுக்காக இதை உருவாக்கியது. ஒரு சிறிய பிளாஸ்டிக் குமிழ், அதோடு சேர்ந்த குட்டை ஊசி, உள்ளே ஒரே ஒரு தவணைக்கான மருந்து. ஒருமுறை அழுத்திவிட்டால் மறுபடி நிரப்பவே முடியாது. அதனால் ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடும் ஆபத்து இல்லை. இந்தோனேசியாவில் மருத்துவச்சிகள் வீடுகளுக்கே போய், பிறந்த குழந்தைக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட இதே கருவியைப் பயன்படுத்தினார்கள். தோலடிக் கருத்தடை மருந்தை இதற்குள் அடைத்து ஃபைசர் நிறுவனம் ‘சயானா பிரஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. குளிர்பெட்டி தேவையில்லை. அறை வெப்பத்தில் மூன்று ஆண்டு கெடாமல் இருக்கும்.

செய்முறை இதுதான். கையைக் கழுவி, கருவியை நன்றாகக் குலுக்க வேண்டும். மூடியை அழுத்தித் தள்ளினால் ஊசிக்கும் மருந்துக்கும் வழி திறக்கும். வயிற்றிலோ தொடையின் முன்பக்கத்திலோ தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை ஏற்றி, குமிழை ஐந்து முதல் ஏழு விநாடி மெதுவாக அழுத்த வேண்டும். நம் ஊர்களில் எத்தனையோ பாட்டிகள் தினமும் தாமே இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களிடம் யாரும் நர்ஸ் பட்டம் கேட்பதில்லை. அவர்கள் ஆண்டு முழுவதும் செய்வதை இங்கே ஓர் இளம்பெண் ஆண்டுக்கு நான்கு முறை செய்ய வேண்டும்.

படிக்காத பெண்களால் முடியுமா?

இந்த யோசனை முதலில் வந்தபோது சுகாதாரத் துறைகளில் பலர் கேட்ட கேள்வி இது. பதில் உகாண்டாவின் முபெண்டே மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே பாத் அமைப்பு நடத்திய ஆய்வில் 380 பெண்கள் பயிற்சி பெற்றார்கள். உகாண்டாவில் இந்தப் பயிற்சிக்கு உப்பு நிரப்பிய ஆணுறைகளைப் பயன்படுத்தினார்கள். அதைக் கிள்ளிப் பிடித்து ஊசி ஏற்றிப் பழகிய பிறகு, பணியாளர் பார்த்திருக்க முதல் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பார்த்தபோது, 88 சதவீதம் பேர் முறை தவறாமல் போட்டுக்காட்டினார்கள். 95 சதவீதம் பேர் தவணைக்குள் போட்டிருந்தார்கள். 98 சதவீதம் பேர் இப்படியே தொடர விரும்புவதாகச் சொன்னார்கள். 2017இல் இது வெளியானது.

அடுத்து வந்த ஓராண்டுத் தொடர் ஆய்வுகளும் ஒரே திசையில் போயின. உகாண்டாவில் தாமே போட்டுக்கொண்டவர்களில் 81 சதவீதம் பேரும், பணியாளரிடம் போட்டுக்கொண்டவர்களில் 65 சதவீதம் பேரும் தொடர்ந்தார்கள். செனகலில் இந்த எண்கள் 80, 70. அமெரிக்காவில் ‘பிளான்ட் பேரன்ட்ஹுட்’ மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் 69, 54. ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உகாண்டாவிலும் செனகலிலும் குலுக்கல் இல்லை. தாமே போட்டுக்கொள்ள முன்வந்த பெண்கள் இயல்பாகவே உறுதி மிக்கவர்களாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிட இடம் உண்டு. மங்கோச்சி ஆய்வில் அந்த வாதத்துக்கு இடமில்லை. இதனால்தான் இந்த இரண்டையும்விட அதன் எடை அதிகம். வசதியான நாட்டிலும் ஏழை நாட்டிலும் ஒரே போக்கு தெரிந்தது என்பதும் முக்கியம்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் சுயபராமரிப்பு வழிகாட்டியில், கருத்தடை ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளும் வசதியைக் கூடுதல் வழியாக எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று வலுவாகப் பரிந்துரைத்தது. பிரிட்டன் 2015இலேயே அனுமதித்திருந்தது. கொரோனாக் காலத்தில் மருத்துவமனைக்குப் போவதே அபாயமானபோது இந்தப் பரிந்துரையின் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. 2021இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அதே வழியில் வந்தது.

நடுவில் நிற்பவை

மலாவியில் 2015-16 மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 58 சதவீதம் பேர் நவீன கருத்தடை முறைகளில் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். மணமான பெண்களில் 30 சதவீதம் பேர், அதாவது நவீன முறைகளைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கு மேல், ஊசியைத் தேர்ந்திருந்தார்கள். ஆக அந்த நாட்டில் ஊசி புதிதல்ல. பெண்கள் விரும்பிக் கேட்கும் முறை. அப்படியும் பணியாளரிடம் போட்டுக்கொண்ட குழுவில் பாதிக்கு மேல் ஓராண்டுக்குள் விட்டுவிட்டார்கள்.

காரணங்கள் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியவை அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு நான்கு பயணம். விதைப்பு நாளிலோ அறுப்பு நாளிலோ தவணை வந்தால் பயணம் தள்ளிப்போகும். போய்ச் சேர்ந்தால் மருந்து இருப்பில் இருக்காது. இருந்தால் நர்ஸ் பயிற்சிக்குப் போயிருப்பார். தாமதமாக வந்த பெண்ணைத் திட்டித் திருப்பி அனுப்புவதும் உண்டு. தவணை நாளுக்குப் பிறகும் நான்கு வாரம் வரை ஊசி போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னாலும், அந்த விதி மேசைக்கு மேசை மாறும். ‘மாதவிலக்கு வந்த பிறகு வா’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் பல நாடுகளில் ஆவணமாகியிருக்கிறது. அப்படித் திரும்பிய பெண் மறுபடி வருவதற்குள் கருத்தரித்துவிடக்கூடும்.

எனவேதான் கருத்தடையைப் பெண்ணை நோக்கி நகர்த்தும் முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1977இல் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக வீடு வீடாகப் போய் மாத்திரையும் ஆணுறையும் ஊசியும் கொடுத்தார்கள். உகாண்டாவின் நகாசோங்கோலா மாவட்டத்தில் 2004 முதல், மருத்துவப் படிப்பு இல்லாத ஊர்ப் பணியாளர்கள் ஊசி போட்டார்கள். மருத்துவமனை நர்ஸ் போடுவதற்கு இணையான பாதுகாப்பு அதில் இருந்தது. 2009இல் ஜெனீவாவில் கூடிய வல்லுநர்கள், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று முடிவு சொன்னார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘இது டாக்டரின் வேலை’, ‘இது நர்ஸின் வேலை’ என்று எதிர்ப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் சான்று அதைத் தாண்டிப் போனது. தன் உடம்பில் தானே போட்டுக்கொள்வது இந்த வரிசையின் கடைசிப் படி.

இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊசியைப் பெண்கள் விரும்புவதற்கு ஒரு காரணம், அது தடயம் வைக்காது என்பது. மாத்திரை அட்டையைக் கணவனோ மாமியாரோ கண்டுபிடித்துவிடலாம். ஊசி போட்டது தெரியாது. தாமே போட்டுக்கொள்ளும்போது இந்த மறைவு இரண்டு விதமாக மாறுகிறது. மருத்துவமனைக்கு அடிக்கடி போய் ஊர் வாயில் விழ வேண்டியதில்லை. ஆனால் மூன்று தவணை மருந்தையும், பயன்படுத்திய ஊசியையும் வீட்டில் எங்கேயாவது மறைக்க வேண்டும். பயன்படுத்தியதை மூடியுள்ள டப்பாவில் போட்டு அடுத்த முறை வரும்போது ஒப்படைக்கச் சொன்னாலும், குழிக் கழிப்பறையில் போட்டுவிடுவதும் நடக்கிறது. வீட்டில் அச்சத்தோடு வாழும் பெண்ணுக்கு, மருந்தை ஊர்ப் பணியாளரிடமே வைத்துவிட்டு வேண்டும்போது வந்து போட்டுக்கொள்ளும் வழியும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு என்பது இங்கே பொருந்தாது.

ஊசி பிறர் கையில் இருந்த காலம்

டெப்போ-புரோவேராவின் வரலாறு தெரிந்தவர்கள் இந்த மருந்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், கிரேடி மருத்துவமனையின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 1967 முதல் 1978 வரை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஆய்வுக்காக இது போடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். முறையான ஒப்புதல் பெறுவதிலும் பின்தொடர்ந்து கவனிப்பதிலும் பெரிய குறைகள் இருந்தன என்று அரசு ஆய்வில் தெரியவந்தது. அமெரிக்காவில் இதைக் கருத்தடை மருந்தாக விற்க அனுமதி 1978இல் மறுக்கப்பட்டது, 1992இல்தான் கிடைத்தது. தன் நாட்டுப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட மருந்து இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழை நாடுகளுக்குத் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது.

நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் கறுப்பினப் பெண்களுக்கு இந்த ஊசியை விளக்கம் சொல்லாமல், சில இடங்களில் வேலைக்கு நிபந்தனையாகவே போட்டார்கள். விடுதலை பெற்ற ஜிம்பாப்வே 1981இல் டெப்போவைத் தடை செய்ததற்கு இத்தகைய நினைவுகளும் ஒரு காரணம். மிக அண்மையில், எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலில் குடியேறிய யூதப் பெண்களுக்குப் போதிய விளக்கமின்றி இது போடப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை, விளைவுகளைப் புரிந்துகொள்ளாத பெண்களுக்கு மீண்டும் இதை எழுதித்தரக் கூடாது என்று மருத்துவர்களுக்கு உத்தரவிட்டது.

இவை அனைத்திலும் ஒரு பொது அம்சம் உண்டு. ஊசியைப் போடுகிறவருக்கு எல்லாம் தெரியும். போட்டுக்கொள்கிறவளுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. பணியாளருக்கு எளிது, ஒரு நொடியில் முடிந்துவிடும், மூன்று மாதத்துக்குக் கவலை இல்லை. கட்டாயப்படுத்த நினைப்பவருக்கு வசதியான கருவியாக அது ஆனது இந்தக் குணங்களால்தான். ஒரு பெண் தானே போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் அவளுக்கு மருந்து என்னவென்று தெரிந்தாக வேண்டும், எந்த நாளில் போட வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். அவள் கை ஒத்துழைக்காமல் ஊசி இறங்காது. அடுத்த தவணையைப் போடாமல் விட்டுவிட்டால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அறியாமையில் வைத்து ஊசி போடும் வாய்ப்பை இந்த முறை பெரிதும் குறைக்கிறது. தாமே போட்டுக்கொள்வதை நான் ஆதரிப்பதற்கு, 28 சதவீத வித்தியாசத்துக்கு நிகரான காரணம் இது.

மருந்தின் குறைகள்

இருந்தாலும் கையை மாற்றியதால் மருந்து மாறிவிடவில்லை. தோலடி வடிவத்திலும் அதே ஹார்மோன்தான். முதல் மாதங்களில் கண்ட நாளில் உதிரப்போக்கு வரும். பிறகு பலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயப்படும் பெண்ணுக்கு, அப்படி எதுவும் தேங்குவதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உடல் எடை கூடுவதும் சிலருக்குத் தலைவலியும் உண்டு. நீண்ட காலம் போட்டால் எலும்பு அடர்த்தி குறைகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்புகிறது. நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது. அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்று நினைப்பவள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். 2024இல் பிரான்சில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, நீண்ட காலம் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று காட்டியது. அந்தக் கட்டி மிக அரிதானது, எனவே ஒரு தனிப் பெண்ணுக்கு அபாயம் சிறிது. ஆனாலும் அது சொல்லப்பட வேண்டிய செய்தி.

எச்.ஐ.வி. பற்றிய அச்சம் நீண்ட நாள் தொடர்ந்தது. இந்த ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களுக்குத் தொற்று எளிதில் வருகிறதோ என்ற ஐயத்துக்கு விடை காண, தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாட்டினி ஆகிய நாடுகளில் 7,829 பெண்களிடம் ‘எக்கோ’ ஆய்வு நடந்தது. தசை ஊசி, காப்பர் டி, கைக்குள் பதிக்கும் குச்சி ஆகிய மூன்று முறைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019 ஜூனில் முடிவு வந்தது. அதே முடிவு இன்னொரு கசப்பையும் வெளிப்படுத்தியது. எந்த முறையைப் பயன்படுத்தினாலும், ஆண்டுக்கு நூறு பெண்களில் ஏறக்குறைய நான்கு பேருக்குத் தொற்று வந்தது. கருத்தடைக்கு வரும் பெண்ணிடம் கருத்தடையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அனுப்பும் அமைப்பு அவளைக் காப்பாற்றாது. ஊசி பால்வினைத் தொற்று எதையும் தடுக்காது. ஆணுறை தனியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்று உண்டு. போட்டுவிட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரையை இன்றே நிறுத்தலாம். காப்பர் டி-யை, எடுத்துவிட ஆள் இருந்தால், இன்றே எடுக்கலாம். ஊசியின் பக்கவிளைவை மூன்று மாதம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் தன் கையில் ஊசி வந்ததாலேயே கட்டுப்பாடு முழுவதும் தன் கையில் வந்துவிட்டது என்று சொல்வது மிகை. போடலாமா என்று முடிவெடுக்கும் தருணத்தில் மட்டுமே அவள் முழு உரிமையாளர்.

இந்தியாவின் தயக்கமும் பாடமும்

இந்த விவாதத்தில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 1985இல் ஆந்திரத்தின் படான்செருவில் நெட்-என் என்ற இரண்டு மாத ஊசியைச் சோதிக்க நடந்த முகாமில், பெண்களுக்கு அது சோதனை என்பதே சொல்லப்படவில்லை என்று பெண்கள் அமைப்புகள் கண்டறிந்தன. ஸ்திரீ சக்தி சங்கடனா, சஹேலி முதலிய அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றம் போயின. 1990களின் தொடக்கத்தில் டெப்போ தனியார் விற்பனைக்கு வந்தபோதும், அரசுத் திட்டத்தில் சேர்க்க அவை எதிர்ப்புத் தெரிவித்தன. பக்கவிளைவைக் கவனிக்க ஆளில்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களில், இலக்கு வைத்து ஊசி போடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அவை கேட்டன. நெருக்கடி நிலைக்காலக் கட்டாயக் கருத்தடைகளை நேரில் கண்ட தலைமுறை கேட்ட கேள்வி அது. 2017இல் ‘அந்தரா’ என்ற பெயரில் ஊசி அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. தோலடி வடிவமும் அண்மையில் சேர்க்கப்பட்டு வருகிறது.

ஆனால் ஊசியைத் தடுத்து நிறுத்திய ஆண்டுகளில் இந்தியப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது 57.8 சதவீதம். ஆண்களின் பங்கு நாடு முழுவதும் 0.3 சதவீதம். இரண்டாவது பிரசவத்தோடு ஆப்ரேஷன் என்பது நம் ஊரில் கேள்வி கேட்கப்படாத வழக்கம். முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இடைவெளி வேண்டுகிற பெண்ணுக்கு நிரந்தர முறையில் பதில் இல்லை. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் நடந்த முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் கைவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் அமைப்புகளின் அச்சம் சரியானது. மாற்று வழிகள் குறுகிப்போனதன் விலையும் பெண்களின் தலையில்தான் விழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

எதை எண்ண வேண்டும்

ஐ.நா. கணக்கின்படி 2021இல் உலகில் 16 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கருத்தரிப்பைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ விரும்பியும் எந்த முறையும் பயன்படுத்தாமல் இருந்தார்கள். தாமே போட்டுக்கொள்ளும் ஊசி இவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதவைத் திறக்கும். ஆனால் கதவு திறந்திருக்க, மருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். 2017இல் செய்த ஒப்பந்தத்தால் ஏழை நாடுகளுக்கு ஒரு தவணை 85 சென்ட்டுக்குக் கிடைத்தது. நீண்ட காலம் ஒரே நிறுவனம்தான் தயாரித்தது; வாங்கிக் கொடுத்த பணம் பெரும்பாலும் வெளிநாட்டு உதவி. நாடுகள் குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்த உதவியில் சுமார் 40 சதவீதம் அமெரிக்காவுடையது. 2025 தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. பெல்ஜியத்தின் கேல் நகரக் கிடங்கில் இருந்த 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைப் பொருள்களை அழிக்கப்போவதாக 2025 ஜூலையில் அமெரிக்க அரசு அறிவித்தது. அவற்றில் ஊசிகளும் இருந்தன. தன் வயிற்றில் தானே ஊசி போடக் கற்றுக்கொண்ட ஒரு மலாவிப் பெண்ணின் தன்னுரிமை, அவள் வாக்களிக்காத ஒரு நாட்டின் முடிவில் தொங்குவது நீதியாகாது. அவளுடைய நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் இந்த மருந்துக்கு ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்; தயாரிப்பாளர்கள் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும்.

கடைசியாக, மங்கோச்சி ஆய்வு தொடாத கேள்வி. அந்த ஆய்வு, ஓராண்டுக்குப் பிறகும் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று அளந்தது. வழியில் உள்ள தடைகளை அளக்க அது சரியான கோல். ஆனால் ஒரு திட்டத்தின் வெற்றியை அளக்க அது மட்டும் போதாது. தலைசுற்றலும் ஓயாத உதிரப்போக்கும் தாங்காமல் ஒரு பெண் நிறுத்தினால், அது அவளுடைய உரிமை, நல்ல முடிவும்கூட. தொடர்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைக்கும் அதிகாரி, நிறுத்த நினைப்பவளைத் தோல்வியாகப் பார்க்கத் தொடங்குவார். அங்கிருந்து படான்செரு வெகுதூரம் இல்லை.

எனவே இந்த ஊசியை அறிமுகப்படுத்தும் எந்த நாடும் மூன்றை எண்ண வேண்டும். தாமே போட்டுக்கொள்ளக் கற்றவர்கள் எத்தனை பேர், கற்க விரும்பாமல் பணியாளரிடமே போட்டுக்கொள்ளும் வழி எத்தனை பேருக்குத் திறந்திருந்தது, நிறுத்த வந்தவர்களில் எத்தனை பேர் திட்டு வாங்காமல் அன்றைக்கே வேறு முறையோடு திரும்பினார்கள். முதல் எண்ணை எல்லோரும் எண்ணுவார்கள். மூன்றாவது எண்ணை எந்தத் திட்டம் நேர்மையாக வெளியிடுகிறதோ, அந்தத் திட்டத்தில்தான் பெண்ணுக்கு ஊசியோடு சேர்த்து முடிவும் கொடுக்கப்பட்டிருக்கிறது.